இங்கே விசிட் விசா எழுதித் தரப்படும்

பெற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று முன்பின் தெரியாத ஒரு நாட்டை நம்பவைப்பதுதான் என் தொழில். நானோ மதுரை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பரோட்டாக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. முதலில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். அதனால் இன்றைக்கும் எல்லாருக்கும் நான் டீச்சர். டைப்ரைட்டிங் போனபின் பட்டா மாறுதல், ஆதார் திருத்தம், வில்லங்கச் சான்று என்று ஓடியது. அப்புறம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இஞ்சினியரிங் முடித்து ஒவ்வொருவராகக் கடல் தாண்டினார்கள். சில வருஷம் கழித்து அவர்களைப் பெற்றவர்கள் பிளாஸ்டிக் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு என் படியேறினார்கள். ஏதாவது ஒரு கவுன்டரில் "இன்னும் ஒரு பேப்பர் வேணுமே" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி நடந்தவராக நீங்கள் இருந்தால், இவர்களை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தவே வேண்டாம். எல்லாரும் நம்ம வரிசைதான்.

வாய்தா

எல்லா நாட்டுக்கும் ஒரே பயம்: வந்த விருந்தாளி அங்கேயே தங்கிவிடுவானோ என்று. அதனால், இவரைத் திரும்ப இழுத்துவர ஊரில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். வேலை, வீடு, நிலம், மனைவி. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ராமசாமி அய்யாவுக்கு இதில் நிலம் மட்டும்தான் இருந்தது. அதுவும் மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கருவேலம் முளைக்கிற கரிசல். மனைவி போன வருஷம் இறந்துவிட்டார். இரண்டு பெண்களும் ஆஸ்திரேலியாவில். "இங்க உங்களுக்குன்னு யாரு இருக்காக?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் நிமிர்ந்து ஓடாத ஃபேனைப் பார்த்தார். பிறகு ஃபைலை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வாரேன் டீச்சர்" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் இன்னொருவரோடு வந்தார். அவருக்கும் அதே வயதுதான் இருக்கும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "இவன் கருப்பையா. என் பிஞ்சைக்கு வடபக்கத்துக்காரன். வரப்பு எவனதுன்னு எம்மேல கோர்ட்டுல கேசு போட்டுருக்கான். வாய்தாவுக்கு நான் வந்துதான ஆகணும்? அத எழுதுங்க" என்றார் ராமசாமி அய்யா. கேஸ் போட்ட எதிராளியே அந்தக் கேஸ் நகலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், தனித்தனி சீட்டில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேஸை விசாவில் காட்டினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், பட்டாவும் சிட்டாவும் போதும் என்று சொன்னேன். ராமசாமி அய்யா பட்டாவை ஜெராக்ஸ் எடுக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன நேரத்தில், "அவுக அங்கயே இருந்துட்டா உங்களுக்கு நல்லதுதான, வரப்பு உங்களுக்காயிரும்ல?" என்று கருப்பையாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அவன் பொண்டாட்டி செத்ததுலருந்து வரப்புல நின்னு என்னய வையிறதத் தவிர அவன் யாருட்டயும் வாயத் தெறக்குறதில்ல டீச்சர். அங்க போயி யார வைவான்? திரும்பி வந்துருவான், தைரியமா எழுதுங்க."

சொல்லிக்கொடுக்காத கேள்வி

பந்தல்குடி தாண்டி தூத்துக்குடி ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர் பாக்கியம் அக்கா. புருஷன் இல்லை. ஒரே மகன், அமெரிக்காவில். அவன் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா முடியாதா என்று அவனுடைய விசாவில் ஏதோ சிக்கல். அதனால் அவன் வருவதே இல்லை. அக்காதான் போக வேண்டும். சென்னையில் நேர்காணல். நான் கேள்விகளை எல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்துப் பதிலும் சொல்லிக்கொடுத்தேன். மகன் என்ன வேலை, எந்த ஊர், எத்தனை நாள் இருப்பீர்கள், செலவு யார், கடையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அக்கா அதை டீக்கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். டீக்கு நிற்கிற லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு ஆபீசராகிவிட்டார்கள். ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ம், சொல்லும்மா, மகனுக்கு என்ன சம்பளம்?" என்று அதட்டுவாராம். உப்பு லோடு ஏற்றி வந்த ஒரு டிரைவர் மட்டும் எப்போதும் இவருக்கு விசா தரமாட்டாராம். "பயத்தக் கொறைக்கணும்க்கா, மறுபடி மொதல்லருந்து" என்று சொல்லிவிட்டு, ஆறின டீயைக் குடித்துவிட்டுப் போவாராம்.

சென்னைக்குப் போய்விட்டு நேராக என் கடைக்குத்தான் வந்தார். விசா இல்லை என்று பாஸ்போர்ட்டைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆபீசர் நல்ல மனுஷியாம். தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் கேட்டார்களாம். முதல் கேள்வியே, மகனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று. இவர் கவுன்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார். அதற்கப்புறம் கேட்ட எதற்கும் வாயிலிருந்து பதில் வரவில்லை. இங்கே என் முன்னால் உட்கார்ந்தபோது அழுகை இல்லை. தண்ணீர் குடித்தார். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார், என்மேல்.

"எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தீங்க டீச்சர். மகன எப்பப் பாத்தன்னு கேப்பாகன்னு ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா அதையும் அழுகாமச் சொல்லிப் பழகியிருப்பேன்ல."

மூன்றாவது வரி

ஞானப்பிரகாசம் அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் மனைவி சகாயமேரி அக்கா. மூத்த மகன் கனடாவில் இருந்தான். பேரனுக்கு ஞானஸ்நானம், அதற்குப் போக வேண்டும். அவர்களுக்கு விசா கிடைத்தது, போனார்கள், மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். அது வேறு. எனக்கு நினைவில் நிற்பது அவர்கள் என் முன்னால் உட்கார்ந்து குடும்ப விவரம் எழுதிய மதியம்தான். அந்த விண்ணப்பத்தில் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் கேட்பார்கள். உயிரோடு இல்லாதவர்களையும் எழுத வேண்டும். வழக்கம்போல, "மொத்தம் எத்தன பிள்ளைகண்ணே, தவறுனவுகளையும் சேத்து?" என்றேன். "ரெண்டு பயலுகதான் டீச்சர்" என்றார் அவர். நான் இரண்டு வரியை நிரப்பி முடித்தேன். அக்கா மெதுவாக, "மூணு" என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அக்கா என்னைத்தான் பார்த்துச் சொன்னார். முதலில் பிறந்தது ஒரு பெண். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போய்விட்டது. அப்போது இவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். போன் எல்லாம் ஏது? திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்து, அக்கா பிறந்த வீட்டில் படுத்திருந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள்.

"தேதி ஞாபகம் இருக்காக்கா?" என்றேன். இருந்தது. "பேரு?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் அதற்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணனும், "பேரு வைக்கிறதுக்குள்ளதான் போயிருச்சே டீச்சர்" என்றார். அக்கா, "வச்சோம்" என்றார். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றி, என்ன பேரும்மா என்று கேட்டாராம். இவர் சொல்லியிருக்கிறார். "ஆரோக்கியசெல்வி."

அண்ணன் அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எங்கிட்டச் சொல்லவே இல்லயே நீயி" என்றார். "நீங்க கேக்கலயே" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பிறந்த தேதியும் இறந்த தேதியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தன. எப்போதும்போல, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர், அந்த மூணாவது வரிய மட்டும் ஒருக்கா சத்தமா வாசிங்க."

சர்வர்

பருத்திக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர் குருசாமி அண்ணாச்சி. சட்டை காலர் கூடக் கசங்காத மனுஷர். ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்க அவரும் அவர் வீட்டம்மாவும் போவதற்கு எல்லாக் காகிதமும் தயார். எனக்கு வேலையே வைக்காமல் நம்பர் போட்டு அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மகன் அனுப்ப வேண்டிய அழைப்புக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. வீட்டம்மா அதற்குள் மோர் மிளகாயும் வத்தலும் போட்டுக் காயவைத்துவிட்டார்களாம். நான் மகனுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இப்போது வசதிப்படாது, அடுத்த வருஷம் பார்க்கலாம், நீங்களே அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று. இந்தத் தொழிலில் இதையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி வந்தார். பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அந்த நாட்டுச் சர்வர் வேல செய்யல அண்ணாச்சி. அப்ளிகேஷன் உள்ளயே போகமாட்டேங்குது" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "அப்படியா, சரி சரி" என்று போனார். அடுத்த வாரம் வந்தார். சர்வர் சரியாகவில்லை. அதற்கடுத்த வாரமும் சரியாகவில்லை. இடையில் மகனுக்கு நான் இன்னொரு செய்தியும் அனுப்பினேன், அம்மா வத்தல் போட்ட கதையையும் சேர்த்து எழுதி. பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

ஒருநாள் காரியாபட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு டாக்டருக்கு ஜெர்மனி விசாவுக்கே நாள் குறித்து, பிரின்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாய்விட்டு, "ஜெர்மனிக்கு இவ்வளவு சீக்கிரம் கெடைக்கும்னு நான் நெனக்கலம்மா" என்றார். நிமிர்ந்தால் வாசலில் அண்ணாச்சி. எவ்வளவு நேரமாக நின்றாரோ. டாக்டர் போனதும் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் விசைப்பலகையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேசைமேல் இருந்த தன் ஃபைலை எடுத்து, தூசி தட்டி, அக்குளில் வைத்துக்கொண்டார். எழுந்தபிறகுதான் பேசினார்.

"சர்வரு மெதுவாத்தான் தாயி சரியாகும். நீ அதுகிட்டப் போயி ஒண்ணும் கோவமாக் கேட்டுறாத. அதுக்கு அங்க என்ன கஷ்டமோ."

பத்து வருஷம்

சோலையப்பன் என்கிற விவசாயியும் அவர் மனைவி முத்துலட்சுமியும் என்னிடம் இரண்டு தடவை விசா எழுதினார்கள். முதல் தடவை, அமெரிக்காவில் இருந்த மகனோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதற்கு. கல்யாணமாகாத பையன். அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான் என்று அம்மாவுக்குக் கவலை. மக்காச்சோளம் அறுத்த கையோடு வந்து எழுதினார்கள். கிடைக்கவில்லை. திரும்பி வருவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்று அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார்கள். அதை நான் தமிழில் படித்துச் சொன்னபோது சோலையப்பன், "காட்டப் போட்டுட்டு நாங்க எங்கம்மா போவோம்?" என்று கேட்டார். மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றேன். அடுத்த வெள்ளாமைக்குப் பார்ப்போம் என்று போனார்கள்.

இரண்டாவது தடவை ஒரு வேனில் வந்தார்கள். கூட ஊர்க்காரர்கள். பையன் தூக்கத்திலேயே இறந்துவிட்டதாகக் காலையில் அவனுடைய சிநேகிதன் போன் செய்திருக்கிறான். உடம்பை அனுப்ப எத்தனை நாளாகுமோ தெரியாது. அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது, எழுதினேன். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு மகன் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது. அவருடைய தற்போதைய முகவரி என்று அடுத்த கேள்வி. நான் நிறுத்திவிட்டேன். முத்துலட்சுமி அம்மாள் சேலையை வாயில் பொத்தியிருந்தவர், அதை எடுத்துவிட்டு, மகன் குடியிருந்த வீட்டு நம்பரையும் வீதிப் பெயரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். பார்சல் அனுப்பி அனுப்பிப் பாடமாகிவிட்ட முகவரி.

சென்னைக்குப் போய் நேர்காணல் முடித்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நானும் கம்ப்யூட்டரைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அங்கே இருந்த நம் பிள்ளைகள் ஒன்று சேர்ந்து எல்லா ஏற்பாடும் செய்து உடம்பை அனுப்பிவிட்டார்கள். பெட்டி மதுரைக்கு வந்தது. நானும் போயிருந்தேன். எரித்தார்கள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் போனபின் கூரியர் வந்திருக்கிறது.

இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கி என் கடைக்கு வந்தார்கள். சோலையப்பன் பாலிதீன் பைக்குள்ளிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து என் முன்னால் வைத்து, "என்ன போட்டுருக்குன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். விசா கொடுத்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு, எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம். அதை மெதுவாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இருந்தப்ப ரெண்டு வாரத்துக்குக் கேட்டோம், இல்லன்னாக. இப்பப் பத்து வருசத்துக்குக் குடுத்துருக்காக. யாரப் பாக்க?" என்றார். பாஸ்போர்ட்டை என் பக்கமே தள்ளி, "இத ரத்துப் பண்ணிருங்க" என்றார். முத்துலட்சுமி அம்மாள் கையை நீட்டி இரண்டையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏன், அவன் நடந்த ரோடு இருக்கும்ல. பருத்தி எடுத்து முடியட்டும், போயி ஒருக்கா நடந்து பாத்துட்டு வருவோம்."

ஆக, பிள்ளை பெறுவதற்கு எந்த அரசாங்கத்திடமும் அனுமதி கேட்காத எங்கள் பக்கத்துச் சனம், பெற்றதைப் போய்ப் பார்ப்பதற்கு மட்டும், இரண்டு காதும் தெரிகிற மாதிரி சிரிக்காமல் எடுத்த போட்டோ ஒட்டி விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறது.